ஒரே உருவம், வேறு உள்ளீடு: எளிய விலை மின்கித்தாரின் வரலாறு



பிள்ளைகளுக்குக் கித்தார் வாங்க முற்படும் பெற்றோர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. கடையில் ஒரே வடிவில் இரண்டு மின்கித்தார்கள் தொங்குகின்றன. இரண்டுக்கும் அகன்ற உடல். இரு புறமும் எஃப் வடிவத் துளைகள். மின்னும் செந்நிறப் பூச்சு. ஆயினும் ஒன்றின் விலை மற்றொன்றைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். விலை குறைந்தது போலியா? விலை உயர்ந்தது வெறும் பெயருக்கான விலையா?

இவ்வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அக்கருவி பிறந்த கதையை அறிந்தால்தான் எங்கே விலை குறைக்கப்பட்டது, எங்கே குறைக்கப்படவில்லை என்பது விளங்கும். எனவே, பாதி உள்ளீடற்ற மின்கித்தார் என்னும் வகையின் வரலாற்றையும், அதன் எளிய விலை வடிவமான எபிபோன் டாட் என்னும் கருவியின் அமைப்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஓலமிட்ட கித்தார்

1930களில் அமெரிக்காவின் ஜாஸ் இசைக்குழுக்களில் கித்தாரின் ஒலி பிற கருவிகளின் ஒலியில் அமிழ்ந்துபோயிற்று. இக்குறையைப் போக்கவே கம்பிகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப் என்னும் உறுப்பைப் பொருத்தினர். கம்பியின் அதிர்வு மின்குறிப்பாக மாறி ஒலிபெருக்கிக்குச் சென்றது.

ஆனால், புதுச்சிக்கல் ஒன்று முளைத்தது. அக்காலக் கித்தார்கள் ஏறத்தாழ 8.5 செ.மீ. ஆழமுடைய உள்ளீடற்ற பெட்டிகள். ஒலிபெருக்கியின் ஓசையை உயர்த்தினால், அவ்வோசையே பெட்டியின் மேற்பலகையை அதிரச் செய்யும். பலகையின் அதிர்வு கம்பியை அசைக்கும். அந்த அசைவு மீண்டும் ஒலிபெருக்கிக்குப் போகும். இச்சுழற்சி பெருகிப் பெருகிக் காதைத் துளைக்கும் ஓலமாக முடியும். பள்ளி மண்டபத்தில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டு சென்றால் எழுமே, அதே ஓலம்தான்.

உள்ளீட்டை முழுவதும் நிரப்பி, கித்தாரை ஒரே மரத்துண்டாக்கிவிட்டால் ஓலம் அடங்கும். ஆனால் பெட்டிக்கே உரிய கனிந்த ஒலியும் குறைந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேடியவர்களுள் ஒருவர் லெஸ் பால் என்னும் இசைக்கலைஞர்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை

நியூயார்க்கில் எபிபோன் என்ற கித்தார்த் தொழிற்கூடம் இருந்தது. 1903இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அனஸ்டாசியோஸ் ஸ்டாத்தோப்பூலோ என்னும் கிரேக்க இசைக்கருவிக் கைவினைஞரின் குடும்பத்துக்குரியது அது. தந்தை 1915இல் மறைந்தபின், எப்பி என்று அழைக்கப்பட்ட மூத்த மகன் எபமினோண்டாஸ் தொழிலை ஏற்றார். அவருடைய பெயரின் சுருக்கமே நிறுவனத்தின் பெயரிலும் ஒலிக்கின்றது.

1940ஆம் ஆண்டையொட்டி, அத்தொழிற்கூடம் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் லெஸ் பால் அங்கே சென்று தம் ஆய்வைச் செய்தார். ஏறத்தாழ 10 செ.மீ. சதுரமுள்ள பைன் மரக்கட்டை ஒன்றை எடுத்து, அதில் கழுத்தையும் கம்பிகளையும் பிக்கப்பையும் பொருத்தினார். ஓலம் இல்லை, ஒலியும் நெடுநேரம் நீடித்தது. ஆனால் பார்ப்பதற்கு அது வேலிக்கட்டை போல் இருந்தது. ஆகவே, எபிபோன் கித்தார் ஒன்றின் உடலை இரண்டாக அறுத்து, அக்கட்டையின் இரு புறமும் சிறகுகள் போல் ஒட்டினார். சிறகு ஒட்டிய பிறகே அவையோர் அதனைக் கித்தாராக மதித்தனர் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கின்றார். கட்டை என்று பொருள்படும் ‘லாக்’ என்னும் பெயராலேயே அக்கருவி இன்றும் அறியப்படுகின்றது.

அவர் அதனைக் கிப்சன் நிறுவனத்திடம் கொண்டு சென்றபோது நிறுவனத்தார் ஏற்கவில்லை. எனினும், நடுவே திண்மையான கட்டை, இரு பக்கமும் உள்ளீடற்ற அறைகள் என்னும் அமைப்பு அப்போதே கண்முன் நின்றது. அது நின்ற இடம் எபிபோன் பட்டறை. இதனை நினைவிற் கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

1958ஆம் ஆண்டின் விடை

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனத்துக்கு 1950 முதல் 1966 வரை டெட் மெக்கார்ட்டி தலைவராக இருந்தார். அவர் காலத்தில், 1958இல், இ.எஸ்-335 என்னும் கித்தார் வெளிவந்தது. லெஸ் பாலின் கட்டையிலிருந்து அது நேரே பிறந்தது என்று கூறுவதற்கில்லை; ஆனால் இரண்டுக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

அதன் அமைப்பைச் சற்று நுணுகிக் காண்போம். உடலின் அகலம் 16 அங்குலம், அதாவது 40.6 செ.மீ. ஆழமோ ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. மேற்பலகை, கீழ்ப்பலகை, பக்கங்கள் அனைத்தும் மெல்லிய மரத்தாள்களை ஒட்டி அழுத்திய ஒட்டுப்பலகையால் ஆனவை. வெளித்தாள் மேப்பிள் மரம். உள்ளே கழுத்திலிருந்து அடிவரை மேப்பிள் நடுக்கட்டை ஓடுகின்றது. மேற்பலகையும் கீழ்ப்பலகையும் வளைந்தவை; கட்டையோ தட்டையானது. இடையில் விழும் இடைவெளியை, வளைவுக்கேற்பச் செதுக்கிய ஸ்ப்ரூஸ் மரத்துண்டுகள் நிரப்புகின்றன. கம்பிகளைத் தாங்கும் குதிரையும் அவற்றின் அடியைப் பிடிக்கும் உறுப்பும் இந்நடுக்கட்டையில் ஊன்றப்பட்டுள்ளன. சிறகுப் பகுதிகள் மட்டும் காற்றறைகள்.

பிக்கப்புகள் ஹம்பக்கர் வகையைச் சேர்ந்தவை. கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்த இவ்வகையில் இரண்டு கம்பிச்சுருள்கள் எதிரெதிராக இணைந்து, மின்சாரத்தால் எழும் இரைச்சலை ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன.

இங்கே பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுப்பலகை என்றதும் மலிவு என்று கருதுவது நம் வழக்கம். இக்கருவியில் அது மலிவுக்காக மட்டும் வந்ததன்று. விறைப்பான ஒட்டுப்பலகை எளிதில் அதிராது. ஆதலின் ஓலத்தை அடக்கும். 267.50 டாலருக்கு விற்ற முதற்கருவியே ஒட்டுப்பலகைதான். எனவே, எளிய விலைக் கருவியில் ஒட்டுப்பலகை இருப்பதைக் குறையெனக் கொள்வது பொருந்தாது. நம் நாட்டின் ஈரக்காற்றுக்கும் குளிர்சாதன அறைக்கும் இடையே அலையும் கருவிக்கு, எளிதில் வெடிக்காத ஒட்டுப்பலகை நன்மையே செய்யும்.

அசல் என்பது எது?

விலை உயர்ந்த கருவியே அசல், மற்றவை அதன் நிழல் என்பர் சிலர். ஆனால் அந்த அசலும் ஒரே நிலையில் நின்றதில்லை.

1958இல் வந்த முதற்கருவிகள் சிலவற்றில் விரற்பலகையின் ஓரத்துக்கு வெண்பட்டை இல்லை, பின்னர் வந்தது. விரற்பலகையில் இடங்காட்டும் குறிகள் தொடக்கத்தில் வட்டப் புள்ளிகள். 1962இல் அவை சிறு கட்டங்களாயின. உடலின் தோள்கள் முதலில் உருண்டையாக இருந்து, 1960களின் நடுவில் சற்றுக் கூர்மை பெற்றன. கழுத்தின் தலைப்பகுதி அகலம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டராக இருந்தது. 1965இல் 40 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்தது. மூன்று மில்லிமீட்டர் சிறிதுதானே என்று தோன்றலாம். ஆறு கம்பிகளுக்கிடையே விரல் வைப்பவருக்கு அது பெரிது.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்று. 1965ஐ ஒட்டிக் கம்பிகளின் அடியைப் பிடிக்கும் உறுப்பு, நடுக்கட்டையில் ஊன்றிய நிலையிலிருந்து, உடலின் விளிம்பில் தொங்கும் சரிவக வடிவத்துக்கு மாறியது. கட்டை உள்ளேயே இருந்தது. ஆனால் கம்பிகளின் அடி அதனைப் பற்றவில்லை. பின்னாளில் கலைஞர் பலர் பழைய முறையையே விரும்பி அதற்கு மாற்றிக்கொண்டனர். 1981இல் கிப்சன் நிறுவனமே புள்ளிக் குறிகளுடனும் ஊன்றிய பிடியுடனும் அக்கருவியை மீண்டும் வெளியிட்டு, அதற்குப் புள்ளி என்று பொருள்படும் ‘டாட்’ என்னும் பெயரைச் சேர்த்தது.

ஆகவே, அசலைப் போன்றது என்று விளம்பரம் கூறினால், எந்த ஆண்டின் அசல் என்று கேட்பதே முறை.

நாடு விட்டு நாடு சென்ற பெயர்

1943இல் எப்பி மறைந்தார். அதன்பின் குடும்பப் பூசலும் 1951ஆம் ஆண்டின் தொழிலாளர் வேலைநிறுத்தமும் எபிபோனை நலிவுறச் செய்தன. 1957இல் கிப்சனின் தாய் நிறுவனம் அதனை வாங்கியது. போட்டியாளராக இருந்த பெயர், போட்டியாளரின் கூரையின்கீழேயே வந்து சேர்ந்தது.

அப்போது எபிபோன் என்பது மலிவுப் பெயரன்று. 335 பிறந்த அதே கலமசூ தொழிற்கூடத்தில், அதே தொழிலாளர் கைகளால், 1958 முதல் ஷெரட்டன், 1962 முதல் ரிவியெரா என்னும் பாதி உள்ளீடற்ற எபிபோன் கித்தார்கள் உருவாயின. கிப்சன் விற்பனை உரிமை கிட்டாத கடைகளுக்கு அவை வழங்கப்பட்டன. 1961இல் வந்த கசீனோ என்னும் கருவியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வெளியுருவில் அது 335இன் உடன்பிறப்பே. ஆனால் உள்ளே நடுக்கட்டை இல்லை, முழுவதும் உள்ளீடற்றது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் அதனை வாசித்தனர். உருவம் ஒன்றாயினும் உள்ளீடு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1970இல் எபிபோன் உற்பத்தி ஜப்பானுக்குச் சென்றது. மட்சுமோட்டோ நகரத்து மட்சுமோக்கு நிறுவனம் அதனை மேற்கொண்டது. சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்து தேர்ந்த நிறுவனம் அது. தொடக்கத்தில் அங்கு வந்த இ.ஏ-250 என்னும் கருவியில், கழுத்து ஒட்டப்படாமல் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. செலவைக் குறைக்கும் வழி அது.

அதே காலத்தில் ஐபனேஸ் முதலிய பெயர்களில் ஜப்பானியர் செய்த கித்தார்கள் அமெரிக்கக் கருவிகளின் அச்சாகவே இருந்தன. 1977இல் கிப்சனின் அன்றைய உரிமை நிறுவனம் ஐபனேசின் அமெரிக்க விற்பனையாளர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்குக்குப் பொருள் மரமோ ஒலியோ அன்று. கித்தாரின் தலைப்பகுதி வடிவம். பின்னர் அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. ஐபனேஸ் தனக்கென வடிவங்களை அமைத்துக்கொள்ளத் தொடங்கியது.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் கூலி உயர, எபிபோன் உற்பத்தி தென்கொரியாவுக்கு இடம்பெயர்ந்தது. இஞ்சியோன் நகரில் 1958இல் பியானோ நிறுவனமாகத் தோன்றிய சாமிக் அதில் முதன்மை பெற்றது. 1997இல் எபிபோன் டாட் வெளிவந்தது. 335இன் வடிவை எளிய விலையில் தருவதே அதன் நோக்கம். 2004இல் சீனாவின் சிங்தாவ் நகரில் எபிபோனுக்கென்றே கிப்சன் ஒரு தொழிற்கூடத்தைத் திறந்தது. 2020இல் டாட் தன் இடத்தை எபிபோன் இ.எஸ்-335 என்னும் வெளிப்படையான பெயருடைய கருவிக்கு விட்டுக்கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையை இப்போது எண்ணிப் பாருங்கள். நடுக்கட்டைக் கருத்து உருப்பெற்றது எபிபோன் கூரையின்கீழ். அதனை எளிய குடும்பங்களின் கைக்கெட்டச் செய்ததும் எபிபோன் பெயரே. இதனைப் போலி என்று தள்ளுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

விலை எங்கே குறைந்தது?

டாட் கருவியையும் கிப்சன் 335ஐயும் அருகருகே வைத்து ஒப்பிடுவோம்.

ஒத்த கூறுகள்: மேப்பிள் ஒட்டுப்பலகை உடல், நடுக்கட்டை, ஒட்டிப் பொருத்திய கழுத்து, 22 மெட்டுகள், 62.9 செ.மீ. கம்பி நீளம், இரண்டு ஹம்பக்கர், ஊன்றிய பிடி. அதாவது எலும்புக்கூடு ஒன்றே.

வேறுபட்ட கூறுகள்: முதலாவது பூச்சு. கிப்சன் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கைப் பல மென்படலங்களாகப் பூசி, காயவிட்டு, தேய்க்கின்றது. நாள் பிடிக்கும் வேலை. எபிபோனின் பாலிப்பூச்சு தடித்தது, விரைவில் இறுகுவது, எளிதில் கீறல் விழாதது. சிறுவர் கையாளும் கருவிக்கு இஃது ஒருவகையில் வசதியே.

இரண்டாவது மின்னுறுப்புகள். ஒலியளவுக் குமிழ்கள், மாற்றுவிசை, வடங்கள் பொருத்தும் துளை ஆகியவை சிறியனவாகவும் விலை குறைந்தனவாகவும் இருந்தன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. திண்ம உடல் கித்தாரில் பின்மூடியைக் கழற்றி இவற்றை எளிதில் மாற்றலாம். பாதி உள்ளீடற்ற கருவியில் பின்மூடி இல்லை. பழைய உறுப்புகளை எஃப் துளை வழியே வெளியே இழுத்து, புதியவற்றை நூல் கட்டி உள்ளே இறக்கி, அந்தந்தத் துளைக்கு இழுத்துச் சேர்க்க வேண்டும். உறுப்பின் விலை சிறிது. பழுதுபார்ப்பவரின் நேரமோ பெரிது. ஆகவே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் இவ்வகைக் கருவிக்கு அத்துணைப் பொருந்தாது.

மூன்றாவது, கண்ணுக்கு எளிதில் தென்படாதது: கை வேலை. மெட்டுகளின் முனைகளை அரத்தால் உருட்டுதல், அவற்றின் உயரத்தைச் சமன் செய்தல், கம்பிகள் அமரும் தலைப்பகுதித் துண்டில் பள்ளங்களைச் சரியான ஆழத்தில் வெட்டுதல். இவை எந்திரத்தால் பாதியும் மனிதனின் பொறுமையால் மீதியும் முடிபவை. எளிய விலைக் கருவிகளில் ஒன்றற்கொன்று வேறுபாடு மிகுவது இங்கேதான்.

டாட் குடும்பத்துக்குள்ளேயே வேறுபாடுகளும் உண்டு. டாட் டீலக்ஸ் கருவியில் அலையலையான வரியுடைய மேப்பிள் மேல்தாள் ஒட்டப்பட்டது, அழகு கூடிற்று. டாட் ஸ்டூடியோ கருவியில் நான்கு குமிழ்களுக்கு மாறாக இரண்டே குமிழ்கள்; விலை குறைந்தது. எலும்புக்கூட்டை விடாமல் அணிகலனைக் குறைப்பது நேர்மையான சிக்கனம்.

மரமும் சட்டமும்

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அழிவை நோக்கிய உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் பன்னாட்டு ஒப்பந்தம் ரோஸ்வுட் இனங்கள் அனைத்தையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது. விற்பனைக்காக எல்லை கடக்கும் ரோஸ்வுட் கித்தார்களுக்கு ஆவணம் தேவைப்பட்டது. குறைந்த ஆதாயத்தில் விற்கும் கருவிக்கு இச்சுமை தாங்காது. எனவே, எளிய விலைக் கித்தார்களின் விரற்பலகைகள் வேறு மரங்களுக்கு மாறின. 2019 இறுதியில் முடிவுற்ற இசைக்கருவிகளுக்குப் பெரும்பாலும் விலக்கு அளிக்கப்பட்ட பின்னரும் அம்மாற்றங்கள் பல நிலைத்துவிட்டன. 2020இல் வந்த எபிபோன் இ.எஸ்-335இன் விரற்பலகை இந்திய லாரல் மரம்.

ஐபனேஸ் 2002இல் ஆர்ட்கோர் என்னும் வரிசையைச் சீனாவில் செய்து வெளியிட்டது. அதன் ஏ.எஸ்-73 என்னும் கருவி டாட்டுக்கு நேர்ப் போட்டி. தொடக்கத்தில் மேப்பிள் உடலும் மகோகனிக் கழுத்தும் ரோஸ்வுட் விரற்பலகையும் கொண்ட அக்கருவியில், பின்னாளில் லிண்டன் உடலும் நியாத்தோ கழுத்தும் வால்நட் விரற்பலகையும் இடம்பெற்றன. பெயர் மாறவில்லை, மரம் மூன்றும் மாறின. நியாத்தோ என்பது நமக்குப் புதிய சொல்லன்று. மலாய்ப் பெயருடைய அம்மரத்தில் செய்த மேசையும் அலமாரியும் நம் வீடுகளிலேயே உண்டு.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பெயரட்டை போதாது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. பெற்றோர் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

1. சிறு கைவிளக்கால் எஃப் துளை வழியே உள்ளே பாருங்கள். நடுக்கட்டையின் பக்கச்சுவர் தெரிய வேண்டும். எதிர்ப்புறத் துளைவரை வெறுமையாக இருந்தால் அது முழுவதும் உள்ளீடற்ற கருவி. அது தவறான கருவியன்று. ஆனால் உரத்த இசைக்குழுவில் ஓலமிடும்.

2. விரற்பலகையின் ஓரமாக உள்ளங்கையை மெல்ல நகர்த்துங்கள். மெட்டு முனைகள் கீறினால் அரவேலை முடியவில்லை என்று பொருள்.

3. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டச் சொல்லுங்கள். எங்கேனும் கம்பி நடுங்கி இரைந்தால் காரணம் கேளுங்கள்.

4. குமிழ்களைத் திருப்பும்போதும் விசையை மாற்றும்போதும் கரகரப்பு எழுகின்றதா என்று பாருங்கள். இவற்றை மாற்றுவது எத்துணைக் கடினம் என்பதை மேலே கண்டோம்.

5. பழைய எபிபோன் கருவியாயின், தலைப்பகுதியின் பின்புறத் தொடரெண்ணைப் பாருங்கள். கொரியாவில் செய்த பலவற்றில், எஸ் என்னும் முதலெழுத்து சாமிக் தொழிற்கூடத்தையும் பி என்பது பியர்லெஸ் தொழிற்கூடத்தையும் குறிக்கும்.

கூரிய மெட்டு விரலைக் கீற, கம்பி சுருதியில் நிற்காமல் நழுவ, தனக்கு இசை வராது என்று முடிவு செய்யும் மாணவன் உண்டு. குறை கருவியினுடையது என்று அவனுக்குத் தெரியாது. விலை உயர்ந்த பெயரைவிட, செம்மையாக முடிக்கப்பட்ட எளிய கருவியே அவனைக் காக்கும். எஞ்சும் பணத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, மெட்டுகளையும் கம்பி உயரத்தையும் ஒருமுறை சீர்செய்துகொள்ளுங்கள். முடிந்தால் பிள்ளையின் இசையாசிரியரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.